அத்தியாயம் 7: எத்தனை இழை என்பதைப் பயனர் சொல்லட்டும்

சில ஆண்டுகளுக்கு முன், பழைய தமிழ்ப் புத்தகங்களின் பக்கப் படங்களை எழுத்துகளாக மாற்றித் தரும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். எழுத்துகளை அடையாளம் காணும் வேலையைச் செய்வது டெசரேக்ட். அதற்குப் பக்கங்களைப் பிரித்துக் கொடுத்து, வருவதை வரிசையாகச் சேர்த்து வைப்பதுதான் என் நிரலின் பங்கு. கணினியில் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனையையும் எடுத்துக்கொண்டு ஓடும்படி அதை அமைத்திருந்தேன். சீக்கிரம் முடிந்தால் யாருக்குத்தான் பிடிக்காது என்று நினைத்தேன். தாத்தாவின் புத்தக அலமாரியை முழுவதுமாக மின்னூலாக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் ஒருநாள் கூப்பிட்டார்.

“அக்கா, ராத்திரிதான் இதை ஓட விட முடியுது. பாப்பா தூங்குற ரூம்லதான் லேப்டாப் இருக்கு. ஃபேன் சத்தத்துல எந்திரிச்சு அழுவுறா. மெதுவா முடிஞ்சாக்கூடப் பரவால்ல, கம்மியா ஓட வைக்க ஏதாச்சும் இருக்கா?”

எதுவும் இல்லை. கோர்களை எண்ணத் தெரிந்த என் நிரலுக்கு, அந்த அறையில் ஒரு குழந்தை தூங்குகிறது என்பது தெரிய வழியே கிடையாது. அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததைச் சொல்ல நான் ஓர் இடம் வைக்கவில்லை. அந்த இடத்தை எப்படி வைப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ‘செயலி’ என்ற சொல் இன்று கைப்பேசி ஆப்பையும் குறிப்பதால் குழப்பம் வரும். இங்கே ப்ராசஸர் என்றே எழுதுகிறேன். ப்ராசஸருக்குள் உண்மையாகக் கணக்குப் போடும் பகுதி கோர். நிரல் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யத் தன்னைப் பிரித்துக்கொள்ளும்போது, ஒவ்வொரு பிரிவும் ஓர் இழை. பேச்சில் நாம் த்ரெட் என்போம். கட்டளைப் பெயர்களையும் விருப்பங்களையும் இந்நூலில் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

இயங்குதளம் பார்த்துக்கொள்ளாதா?

இதைப் பேச ஆரம்பித்தாலே வரும் முதல் மறுப்பு இது. எந்த இழைக்கு எப்போது கோர் கொடுப்பது என்று தீர்மானிக்க இயங்குதளம் இருக்கிறது. வேண்டுமானால் நிரலின் முன்னுரிமையை நைஸ் கட்டளையால் குறைத்துவிடலாம். பயனரிடம் ஏன் எண் கேட்க வேண்டும்?

பாதி சரி. முன்னுரிமையைக் குறைத்தால், பக்கத்தில் திறந்திருக்கும் பிரௌசர் திணறாது. ஆனால் இரவில் வேறு எந்த வேலையும் இல்லாத கணினியில், முன்னுரிமை குறைந்த நிரலும் எல்லாக் கோர்களையும் நூறு சதவீதம் ஓட்டும். வெப்பம் அதேதான், ஃபேன் சத்தமும் அதேதான், பேட்டரியும் அதே வேகத்தில்தான் இறங்கும். மே மாத வெயிலில் மின்விசிறி மட்டுமே உள்ள அறையில் மடிக்கணினியை முழுவீச்சில் ஓட்டினால், சூடு தாங்காமல் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதும் உண்டு. வெப்பமும் நினைவகமும் முன்னுரிமைக்குக் கட்டுப்படுவதில்லை. இழைகளின் எண்ணிக்கைக்குத்தான் கட்டுப்படும்.

இரண்டாவது மறுப்பு, இழை கூடினால் வேகம் கூடுமே என்பது. கூடும், ஓர் எல்லை வரை. ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த கணக்கு இதற்குப் போதும். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாதது என்று வையுங்கள்: கோப்பைத் திறப்பது, கடைசியில் சேர்த்து எழுதுவது போன்றவை. மீதியை 8 இழைகளுக்குப் பிரித்தால் ஏறக்குறைய 4.7 மடங்கு வேகம் கிடைக்கும். 16 ஆக்கினால் 6.4 மடங்குதான். ஆயிரம் இழை போட்டாலும் 10 மடங்கை எட்டாது. எட்டிலிருந்து பதினாறுக்குப் போகும்போது வெப்பமும் நினைவகச் செலவும் ஏறுகின்றன. வேகமோ இரட்டிக்கக்கூட இல்லை. அந்தப் பேரம் தனக்குக் கட்டுப்படியாகுமா என்று கணினிக்கு உரியவர்தான் சொல்ல முடியும்.

எண்ணுவதில் உள்ள கண்ணிகள்

பயனர் எதுவும் சொல்லாதபோது நிரல் ஓர் இயல்பு எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கோர்களை எண்ண வேண்டும். ஒரே வரியில் முடியும் வேலை போலத் தெரியும். நான் பார்த்த பிழைகளில் பாதி இந்த ஒரு வரியில்தான் பிறந்தன.

சி++ மொழியில் இதற்கென உள்ள ஹார்ட்வேர்_கன்கரன்சி என்ற செயற்கூறு, கண்டுபிடிக்க முடியாவிட்டால் 0 என்று திருப்பித் தரலாம் என்று மொழியின் வரையறையே சொல்கிறது. அந்த 0-வை அப்படியே எடுத்துக்கொண்டு இழைகளை உருவாக்கினால், வேலையாள் ஒருவர்கூட இல்லாத பட்டறை தயாராகும். வேலை வரிசையில் காத்தே கிடக்கும். வந்த எண் 1-க்குக் குறைவாக இருந்தால் 1 ஆக்குங்கள். அந்தச் சோதனை இல்லாத நிரலை வெளியிடாதீர்கள்.

அடுத்தது, இருப்பது வேறு, கிடைப்பது வேறு. லினக்ஸில் டாஸ்க்செட் கட்டளையால் ஒரு நிரலை இரண்டு கோர்களுக்குள் அடைத்துவிடலாம். பைத்தானில் ஓஎஸ்.சிபியு_கவுண்ட் என்று கேட்டால், அந்த அடைப்பைப் பொருட்படுத்தாமல் கணினியில் உள்ள மொத்தத்தை, எட்டு என்றால் எட்டு என்றே, சொல்லும். நிரலும் எட்டு இழைகளைத் தொடங்கி, இரண்டு கோர்களின் மேல் ஏற்றிவிடும். தனக்கு உண்மையில் ஒதுக்கப்பட்டதை அறியப் பைத்தான் 3.13-இலிருந்து ப்ராசஸ்_சிபியு_கவுண்ட் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில், லினக்ஸில், ஷெட்_கெட்அஃபினிட்டி தரும் பட்டியலின் நீளத்தைப் பாருங்கள். ஷெல் நிரல் எழுதுபவர்களுக்கு என்ப்ராக் இருக்கிறது. அது அடைப்பை மதித்தே எண்ணும்.

டாக்கர் போன்ற கொள்கலன்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. அங்கே கோர்களைப் பூட்டுவதற்குப் பதிலாக நேரத்தைப் பங்கிட்டு ஒதுக்கும் முறையும் உண்டு. 64 கோர் உள்ள சர்வரில் இரண்டு கோருக்குச் சமமான நேரம் மட்டும் ஒதுக்கியிருப்பார்கள். உள்ளே ஓடும் நிரல் 64 என்று எண்ணி 64 இழைகளைத் தொடங்கும். ஒதுக்கிய நேரத்தை நொடியின் ஒரு துளியிலேயே தின்று தீர்த்துவிட்டு, அடுத்த சுற்று வரும் வரை எல்லா இழைகளும் உறைந்து நிற்கும். பெரிய மொழிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. ஜாவா இந்த ஒதுக்கீட்டைச் சரியாகக் கவனிக்கத் தொடங்கியது 2018 மார்ச்சில் வந்த 10-ஆம் பதிப்பில்தான். கோ மொழி 2015-இல், 1.5 பதிப்பில், தன் இயல்பை ஒன்றிலிருந்து எல்லாக் கோர்களுக்கும் மாற்றியது. கொள்கலன் ஒதுக்கீட்டைப் பார்த்து அதைக் குறைத்துக்கொள்ளக் கற்றது 2025-இல் வந்த 1.25 பதிப்பில். இடைப்பட்ட பத்தாண்டுகளும் கோமேக்ஸ்ப்ராக்ஸ் என்ற சூழல் மாறியில் சரியான எண்ணைக் கையால் எழுதி வைத்தவர்கள் தப்பித்தார்கள். தானாகக் கண்டுபிடிப்பது தவறும்போது மனிதர் கைகொடுக்க ஒரு வழி திறந்திருந்ததால்தான் அது முடிந்தது.

கோர்கள் எல்லாம் ஒரே தரமும் அல்ல. 2002-இல் இன்டெல் கொண்டுவந்த ஹைப்பர்-த்ரெடிங், ஒரு கோரை இரண்டாகக் காட்டும். அதற்காக வேலைத்திறன் இரண்டு மடங்காகிவிடாது. இன்றைய மடிக்கணினிகளில் சாதாரணமாகக் காணக்கூடிய ஐ5-1235யு ப்ராசஸரில் 10 கோர், 12 இழை. அந்தப் பத்தில் வேகக் கோர் இரண்டுதான். மற்ற எட்டும் சிக்கனக் கோர்கள். 12 என்ற எண்ணைப் பார்த்து வேலையைப் பன்னிரண்டு சம பங்காகப் போட்டால், வேகக் கோர்கள் முடித்துவிட்டுச் சும்மா இருக்க, சிக்கனக் கோர்கள் கடைசி வரை இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் வேலையைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒரே வரிசையில் வையுங்கள். கை ஓய்ந்த இழை அடுத்த துண்டை எடுத்துக்கொள்ளட்டும். என் நிரலில் ஒரு துண்டு என்பது புத்தகத்தின் ஒரு பக்கம்.

இயல்பாக எந்த எண்ணை வைப்பது? மனிதர் உட்கார்ந்து வேலை செய்யும் கணினியில் ஓடும் நிரலுக்கு, கிடைப்பதில் ஒன்றைக் குறைத்து வைப்பது என் வழக்கம். அந்த ஒன்று மௌஸுக்கும் பிரௌசருக்கும் மிச்சம்.

0 என்றால் என்ன?

விருப்பத்தின் பெயர் எளிது. ‘த்ரெட்ஸ்’ அல்லது ‘ஜாப்ஸ்’ என்று வையுங்கள், புதுப் பெயர் கண்டுபிடிக்காதீர்கள். கடினமானது, பயனர் தரும் எண்ணுக்குப் பொருள் சொல்வது. புழக்கத்தில் உள்ள கருவிகளே ஆளுக்கொரு பொருள் சொல்கின்றன.

எக்ஸ்இசட் சுருக்கியில் 0 என்றால் ‘நீயே பார்த்துக்கொள்’. எஃப்எஃப்எம்பெக் வீடியோக் கருவியிலும் அப்படியே. நிரல் தொகுக்கும் கருவியான நிஞ்ஜாவில் அதே 0 ‘வரம்பே இல்லை’ என்று பொருள்படும். அதே வகைக் கருவியான க்னூ மேக்கில் -ஜே என்று மட்டும் எழுதி எண்ணை விட்டுவிட்டால், வரம்பில்லாமல் ஒரே நேரத்தில் எத்தனை வேலையை வேண்டுமானாலும் தொடங்கும். பெரிய மூலநிரல் ஒன்றை 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் தொகுக்கும்போது ஒருமுறை எண்ணை அடிக்க மறந்தேன். திரை உறைந்து, மௌஸ் அசையாமல், கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று. சைகிட்-லேர்ன் நூலகத்தில் -1 என்றால் எல்லாம், -2 என்றால் ஒன்றைத் தவிர எல்லாம். இந்த -2 எனக்குப் பிடித்த வழக்கம். கணினி மாறினாலும் பயனரின் எண்ணம் மாறாமல் கூட வருகிறது.

என் பரிந்துரை: 1 முதல் மேலே எந்த முழு எண்ணையும் ஏற்றுக்கொள்ளுங்கள். 0-வுக்கும் ‘ஆட்டோ’ என்ற சொல்லுக்கும் இயல்பு எண் என்ற ஒரே பொருளைக் கொடுங்கள். ‘வரம்பில்லை’ என்ற பொருளை எந்த எண்ணுக்கும் கொடுக்காதீர்கள். அதை மனமறிந்து கேட்பவர் அரிது, தவறி அடிப்பவர் ஏராளம். ‘எட்டு’ என்றோ ‘8ஏ’ என்றோ அடித்துவிட்டால், வாயை மூடிக்கொண்டு 1 என்று வைத்துக்கொள்ளாமல், என்ன தவறு என்று சொல்லி நின்றுவிடுங்கள். கிடைக்கும் கோர்களை விடப் பெரிய எண்ணைக் கேட்டால் ஓர் எச்சரிக்கை காட்டுங்கள். ஆனால் கேட்டதைக் கொடுங்கள். வலைத்தளங்களிலிருந்து கோப்பு இறக்கும் வேலைக்கு, 4 கோர் கணினியில் 20 இழை கேட்பது நியாயமே. அங்கே இழைகள் பெரும்பாலும் காத்திருக்கத்தான் செய்கின்றன.

எண் பல இடங்களிலிருந்து வரலாம். கட்டளை வரியில் சொன்னது முதலில், அது இல்லையென்றால் சூழல் மாறி, அதுவும் இல்லையென்றால் அமைப்புக் கோப்பு, கடைசியாக இயல்பு. தொடங்கும்போதே ஒரு வரி எழுதுங்கள்: ‘4 இழைகள், கட்டளை வரியில் சொன்னபடி.’ எண் மட்டும் போதாது. எங்கிருந்து வந்தது என்பதும் வேண்டும். ஆறு மாதம் முன்பு அமைப்புக் கோப்பில் எழுதி மறந்துபோன 1-ஐத் தேடி ஒரு மாலை முழுவதையும் செலவழித்த பிறகுதான் இந்த வரியை என் நிரல்கள் எல்லாவற்றிலும் சேர்த்தேன்.

பெருக்கல் கணக்கு

பாப்பாவின் அம்மாவுக்காக என் நிரலில் இழைகளின் எண்ணிக்கையைக் கேட்கும் விருப்பத்தைச் சேர்த்து அனுப்பினேன். அவர் 2 என்று வைத்தார். ஃபேன் சத்தம் குறையவில்லை. விருப்பம் வேலை செய்யவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம், எனக்கும்தான்.

காரணம் டெசரேக்டின் கையேட்டிலேயே இருந்தது; நான் படிக்கத் தவறியிருந்தேன். பல இழைகளுக்கான ஆதரவோடு தொகுக்கப்பட்ட டெசரேக்ட், ஒரு பக்கத்தைப் படிக்கவே வழக்கமாக நான்கு கோர்களைப் பயன்படுத்தும். நான் இரண்டு பக்கங்களை ஒரே நேரத்தில் கொடுத்தேன். இரண்டும் நான்கு நான்காகப் பிரிந்து எட்டாயின. என் பழைய இயல்புப்படி 8 கோர் கணினியில் 8 பக்கங்களைக் கொடுத்தபோது 32 இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றிருக்கின்றன. பல படங்களை ஒருசேர மாற்றும்போது இந்த நான்கு மந்தமாகத்தான் ஓடும் என்றும், ஓஎம்பி_த்ரெட்_லிமிட் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்தால் ஒரு கோரோடு நிற்கும் என்றும் அந்தக் கையேடு தெளிவாகச் சொல்கிறது. டெசரேக்டை அழைக்கும் இடத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். அதன் பிறகுதான் 2 என்பது உண்மையிலேயே 2 ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், எல்லாக் கோர்களையும் கேட்ட மற்றவர்களுக்கும் வேகம் கூடியது.

பயனர் உங்கள் நிரலிடம் ஓர் எண்ணைச் சொல்லும்போது, மொத்தம் அவ்வளவுதான் என்று நினைத்தே சொல்கிறார். உங்கள் இழைகள் இத்தனை, நூலகத்தின் இழைகள் இத்தனை என்ற பிரிவினை அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. உள்ளே நீங்கள் அழைக்கும் ஒவ்வொரு நூலகமும் தன் பங்குக்கு இழை தொடங்குகிறதா என்று பார்ப்பது உங்கள் கடமை. பைத்தானின் நம்பை நூலகம் வழியாக எண் அணிகளைப் பெருக்கினால், அடியில் ஓப்பன்பிளாஸோ எம்கேஎல்-லோ எல்லாக் கோர்களையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சூழல் மாறி உண்டு: ஓப்பன்பிளாஸ்_நம்_த்ரெட்ஸ், எம்கேஎல்_நம்_த்ரெட்ஸ், ஓப்பன்எம்பி-க்குப் பொதுவாக ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ். இவற்றை நூலகம் ஏற்றப்படும் முன்பே வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் பெரும்பாலும் கவனிக்கப்படாது. ஓடும் நிலையில் மாற்றப் பைத்தானில் த்ரெட்பூல்சிடிஎல் என்ற சிறு நூலகம் இருக்கிறது.

இந்தப் பெருக்கலை அழகாகத் தீர்த்த கருவி க்னூ மேக். ஒரு மேக் தன் உள்ளே இன்னொரு மேக்கை அழைக்கலாம், அது வேறொன்றை அழைக்கலாம். ஒவ்வொன்றும் எட்டு எட்டாகத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும்? அதற்காக ஜாப்சர்வர் என்ற ஏற்பாடு. முதல் மேக் ஒரு குழாயில் குறிப்பிட்ட எண்ணிக்கை டோக்கன்களைப் போட்டு வைக்கும். புதிய வேலையைத் தொடங்க விரும்பும் எந்தக் கிளை மேக்கும் அதிலிருந்து ஒரு டோக்கனை எடுக்க வேண்டும், முடிந்ததும் திருப்பிப் போட வேண்டும். ரேஷன் கடை டோக்கன் போலத்தான். எத்தனை அடுக்கு இருந்தாலும் மொத்தம் பயனர் சொன்ன எண்ணைத் தாண்டாது. ரஸ்ட் மொழியின் கார்கோவும் இதே ஏற்பாட்டைப் பேசுகிறது. உங்கள் நிரல் வேறு நிரல்களை அழைக்கும் வகையென்றால் இந்த யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள்.

நினைவகத்தைப் பக்கத்திலேயே காட்டுங்கள்

இழை கூடினால் நினைவகமும் கூடும் என்பது நிரல் எழுதுபவருக்குத் தெரியும், பயனருக்குத் தெரியாது. எக்ஸ்இசட்டில் உச்ச அளவான 9-இல் சுருக்க ஒரே இழைக்கு 674 மெபிபைட் வேண்டும். 8 இழை கேட்டால் 5 ஜிபிக்கு மேல் போய்விடும். அதனால்தான் அந்தக் கருவியில் நினைவகத்துக்குத் தனி வரம்பு வைக்கலாம். வரம்பை மீறும் என்றால் இழைகளைக் குறைத்துக்கொள்ளும். 2024-இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து அது எதுவும் கேட்காமலேயே பல இழைகளில் ஓடுகிறது. அந்தத் தொடரின் முதல் இரண்டு வெளியீடுகளில் ஒரு பின்கதவு புகுந்திருந்தது என்பதால், 5.6.2 அல்லது அதற்குப் பிந்தையதையே பயன்படுத்துங்கள்.

திரையில் இதைக் காட்டும் முறைக்கு 7-ஜிப்பின் சுருக்கும் சாளரத்தைப் பார்க்கச் சொல்வேன். அழகான சாளரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இழைகளின் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் கணினியில் மொத்தம் எத்தனை என்று இருக்கும். கீழே, சுருக்க எவ்வளவு நினைவகம் வேண்டும், விரிக்க எவ்வளவு வேண்டும் என்று இரண்டு வரிகள். எண்ணை மாற்றினால் சுருக்குவதற்கான வரியும் அப்போதே மாறும். எல்இசட்எம்ஏ முறையைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் 2-உடன் நின்றுவிடும், அந்த முறைக்கு அதற்கு மேல் பயன் இல்லை என்பதால். தேர்வையும் அதன் விலையையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டார்கள். இழுக்கும் பட்டையில் ‘மெதுவாக’, ‘வேகமாக’ என்று எழுதி வைப்பதை விட இது பயனரை மதிக்கும் வழி.

எண் மாறினால் விடையும் மாறுமா?

மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். கணினியில் தசமக் கூட்டல் வரிசையைப் பொறுத்தது. 0.1-ஐயும் 0.2-ஐயும் முதலில் கூட்டி 0.3-ஐச் சேர்த்தால் 0.6000000000000001 வரும், 0.2-ஐயும் 0.3-ஐயும் முதலில் கூட்டினால் 0.6 வரும். நான்கு இழைகள் தத்தம் பங்கைக் கூட்டிச் சேர்க்கும்போது வரிசை மாறுவதால் கடைசி இலக்கங்கள் ஆடும். ஸ்டாக்ஃபிஷ் சதுரங்க நிரல் பல இழைகளில் ஓடும்போது, அதே நிலையை மறுபடி கொடுத்தால் அதே நகர்வைத்தான் சொல்லும் என்று உறுதி கிடையாது. அதன் இயல்பு எண் 1.

ஒரு நல்ல வழி, வேலையைத் துண்டு போடும் அளவை இழைகளின் எண்ணிக்கையிலிருந்து பிரித்துவிடுவது. எக்ஸ்இசட் பல இழைகளில் ஓடும்போது துண்டின் அளவை, 9 போன்ற சுருக்க அளவை வைத்தே முடிவு செய்கிறது. அதனால் 2 இழையில் சுருக்கினாலும் 8 இழையில் சுருக்கினாலும் அதே கோப்பு வரும்.

ஓடும்போதே மாற்ற

இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எண்ணைத் தொடக்கத்தில் மட்டும் கேட்டால், வேலை பாதியில் இருக்கும்போது சூழ்நிலை மாறியவர் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மின்சாரம் போய் யுபிஎஸ்ஸில் ஓடத் தொடங்கியிருக்கலாம். அவசரமாக ஒரு வீடியோ அழைப்பு வந்திருக்கலாம்.

வேலைகள் ஒரே வரிசையில் இருந்தால் இது கடினமல்ல. ஒவ்வொரு இழையும் தன் துண்டை முடித்து அடுத்ததை எடுக்கும் முன், ‘இப்போது எத்தனை பேர் இருக்க வேண்டும்?’ என்ற பொது எண்ணைப் பார்க்கட்டும். தன் வரிசை எண் அதற்கு மேல் என்றால் ஒதுங்கிக் காத்திருக்கட்டும். நடுவில் எந்த இழையையும் வலுக்கட்டாயமாகக் கொல்ல வேண்டாம். பாதியில் கொல்லப்பட்ட இழை பூட்டிய பூட்டைத் திறக்காமல் போய்விடும். எண் ஏறும்போது ஒதுங்கியவர்களை எழுப்பினால் போதும்.

வெளியிடும் முன் நான்கு முறை ஓட்டிப் பாருங்கள்: 1, 2, கிடைக்கும் அளவு, அதன் இரண்டு மடங்கு. ஒவ்வொரு முறையும் லினக்ஸில் எச்டாப்பிலோ விண்டோஸில் டாஸ்க் மேனேஜரிலோ உண்மையில் எத்தனை கோர் ஓடுகிறது என்று கண்ணால் பாருங்கள். டாஸ்க்செட் போட்டு ஒரே கோருக்குள் அடைத்தும் ஒருமுறை.

என் நிரலில் இப்போது கூட்டல், கழித்தல் என்று இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன, நடுவில் எண். பாப்பா தூங்கியதும் கழித்தலை அழுத்தி 2-க்குக் கொண்டுவருவதாகவும், காலையில் அவள் எழுந்து சத்தம் போட ஆரம்பித்ததும் 7-க்கு ஏற்றிவிடுவதாகவும் அவர் சொன்னார். தாத்தாவின் அலமாரியில் கீழ்த்தட்டு மட்டும்தான் பாக்கியாம்.